கல்விக் கருவிகளும் கிராம ஆசிரியரும்

ஒரு கிராமம் எந்த அளவுக்கு முன்னேறியுள்ளது என்பதை அறிய விரும்புவோர் அதன் சாலையைப் பார்ப்பர். குடிநீர்த் தொட்டியைப் பார்ப்பர். களத்துமேட்டில் குவிந்து கிடக்கும் நெல்லைப் பார்ப்பர். அவற்றோடு அவ்வூர்ப் பள்ளிக்கூடத்தையும் பார்த்தல் வேண்டும் என்பது நமது கருத்து. சாலையும் தொட்டியும் இன்றைய தேவையை நிறைவு செய்வன. பள்ளிக்கூடமோ இன்னும் இருபது ஆண்டுகளுக்குப் பின் அவ்வூரை நடத்திச் செல்லப் போகின்றவர்களை உருவாக்குவது.

பள்ளிக்கூடத்தின் கருவிகள் காலத்துக்கேற்ப மாறி வந்துள்ளன. திண்ணைப் பள்ளியில் மணலும் ஓலையும் எழுத்தாணியும் கருவிகளாக இருந்தன. பின்னர்ச் சிலேட்டும் கரும்பலகையும் அச்சிட்ட நூலும் வந்தன. வானொலி பரவியபோது பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே தனி ஒலிபரப்புகள் நடைபெற்றன. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை முடிய ஓராண்டுக் காலம், நம் நாட்டின் ஆறு மாநிலங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2,400 கிராமங்களில், செயற்கைக்கோள் வழியாகத் தொலைக்காட்சிக் கல்வி சோதனை முறையில் நடத்தப்பெற்றது. தமிழ்நாட்டில் 2018ஆம் ஆண்டு முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில் கைப்பேசியால் படிக்கத்தக்க சதுரக் குறியீடுகள் அச்சிடப்பெற்றன. 2019 ஆகஸ்டு மாதத்தில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கிற்று. 2024ஆம் ஆண்டில் ஏறத்தாழ 80,000 தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினிகள் வழங்கும் திட்டமும், தொடக்கப் பள்ளிகளில் திறன் வகுப்பறைகள் அமைக்கும் திட்டமும் செயற்படுத்தப்பெற்றன.

இவ்வளவும் வந்த பின்னர் ஒரு வினா எஞ்சி நிற்கின்றது. இக்கருவிகளால் பிள்ளைகளின் படிப்பு உயர்கின்றதா? இதற்குரிய விடை கருவியினிடத்தில் இல்லை. அதனைக் கையாளும் ஆசிரியரிடத்தில் உள்ளது. அந்த ஆசிரியர் எவ்வாறு படிப்படியாக வளர்கின்றார், அவர் வளர்வதற்கு ஊராட்சியும் ஊர் மக்களும் எவ்வகையில் துணை நிற்கலாம் என்பவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பீரோவில் உறங்கிய கருவி

முதற்கண் நமது குறை ஒன்றை ஒப்புக்கொள்ளுதல் முறை. நாம் முன்னர்ப் பணியாற்றிய ஒரு வட்டாரத்தில், 2016ஆம் ஆண்டில், ஒன்றியப் பொது நிதியிலிருந்து சில நடுநிலைப் பள்ளிகளுக்குக் கணினியும், சுவரில் படங்காட்டும் புரொஜெக்டரும் வாங்கி வழங்கினோம். வழங்கும் விழா சிறப்பாக நடைபெற்றது. கடமை முடிந்தது என்று மன நிறைவோடு திரும்பினோம்.

ஈராண்டுகள் கழித்து அப்பள்ளிகளில் ஒன்றை ஆய்வு செய்யச் சென்றபோது, கருவி எங்கே என்று வினவினோம். தலைமையாசிரியர் இரும்பு பீரோவைத் திறந்தார். கணினியும் புரொஜெக்டரும் அட்டைப் பெட்டியுடன் அப்படியே இருந்தன. மேலுறையாகிய பிளாஸ்டிக் தாளும் கிழிக்கப்படவில்லை. உத்தரவாதக் காலமோ முடிந்து பல மாதங்கள் ஆகியிருந்தன.

“ஏன் பயன்படுத்தவில்லை?” என்று சற்றுக் கடுமையாகவே கேட்டோம். அவர் மறுமொழி கூறாமல், நமது அலுவலகத்திலிருந்து கருவிகளோடு அனுப்பப்பெற்ற உத்தரவின் நகலை எடுத்து நீட்டினார். கருவி சேதமுற்றால் அதன் விலை பொறுப்பாளரின் ஊதியத்தில் பிடித்தம் செய்யப்படும் என்ற வரி அதில் இருந்தது. “ஐயா, நான் ஓய்வு பெற இன்னும் மூன்று ஆண்டுகளே உள்ளன. கணக்கில் குறை வந்தால் என் ஓய்வூதியம் என்னாவது?” என்றார். உத்தரவின் கீழே இருந்தது நமது கையொப்பம்.

கருவியைக் கொடுத்த கையாலேயே அதற்குப் பூட்டும் போட்டவர்கள் நாமே என்பதை அன்று உணர்ந்தோம்.

இத்தகைய நிலை நம் ஊர்களில் மட்டும் நிகழ்ந்ததன்று. தென் அமெரிக்காவிலுள்ள பெரு நாட்டில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் பள்ளிப் பிள்ளைகளுக்கு வழங்கப்பெற்றன. ஆயினும் கற்பிக்கும் முறையோடு அவை இணைக்கப்படவில்லை. பிள்ளைகளின் கற்றல் உயரவில்லை. ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனமாகிய யுனெஸ்கோ 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட உலகக் கல்வி அறிக்கையில் இதனை எடுத்துக்காட்டாகக் கூறியுள்ளது. உழத் தெரியாதவன் வீட்டில் டிராக்டர் நின்றால், அது கொட்டகைக்குத்தான் பாரம்.

கல்வித் தொழில்நுட்பம் என்பது யாது?

மின்சாரத்தில் இயங்குவது மட்டுமே தொழில்நுட்பம் என்று பலரும் எண்ணுகின்றனர். அது சரியன்று. குறித்த ஒரு பாடத்தைப் பிள்ளை தெளிவாகக் கற்பதற்கு எந்தப் பொருளை, எந்த நேரத்தில், எந்த முறையில் பயன்படுத்துவது என்னும் திட்டமிட்ட அறிவே கல்வித் தொழில்நுட்பம்.

இதற்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டு நம் மாநிலத்திலேயே உண்டு. ஆந்திரத்திலுள்ள ரிஷி பள்ளத்தாக்கில், சிற்றூர்ப் பள்ளிகளுக்காகக் கற்றல் அட்டைகளும் ‘கற்றல் ஏணி’ என்னும் முறையும் உருவாக்கப்பெற்றன. ஒரே அறையில் பல வகுப்புப் பிள்ளைகள் அமர்ந்திருக்கும் பள்ளியில், ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்துக்கேற்ப ஏணியில் ஒவ்வொரு படியாக ஏறிச் செல்லும் வகையில் அவை அமைந்தன. அம்முறையைப் பின்பற்றி, 2003ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பெற்று, 2007-08ஆம் ஆண்டில் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பெற்றது. அதில் மின்கம்பி இல்லை; கணினி இல்லை. அட்டையும் ஏணிப்படமும் தரையளவில் எழுதும் பலகையுமே இருந்தன. எனினும் அது உண்மையான கல்வித் தொழில்நுட்பம்.

ஆகவே, ஓர் ஆசிரியர் இத்துறையில் வளர்கின்றார் என்றால், அவர் பொத்தான்களை விரைவாக அழுத்தக் கற்றுக்கொண்டார் என்று பொருளன்று. எங்கே கருவி தேவை, எங்கே தேவையில்லை என்று பகுத்துணரும் தெளிவைப் பெற்றார் என்பதே பொருள்.

வளர்ச்சியின் படிகள்

யுனெஸ்கோ நிறுவனம் ஆசிரியர்களின் தொழில்நுட்பத் திறனுக்கென ஒரு சட்டகத்தை 2008ஆம் ஆண்டில் வெளியிட்டு, 2011, 2018 ஆகிய ஆண்டுகளில் திருத்தி அமைத்தது. அச்சட்டகம் ஆசிரியரின் வளர்ச்சியை மூன்று நிலைகளாக வகுக்கின்றது. அறிவைப் பெறுதல் முதல் நிலை. அறிவை ஆழப்படுத்துதல் இரண்டாம் நிலை. அறிவைப் படைத்தல் மூன்றாம் நிலை. கிராமத்தின் கண்கொண்டு நோக்கும்போது, மற்றவரையும் உடன் அழைத்துச் செல்லுதல் என்பதை நான்காவது படியாகக் கொள்ளலாம் என்று நாம் கருதுகின்றோம்.

விவசாயப் பெருமக்களுக்கு இது புதிய செய்தியன்று. திருந்திய நெல் சாகுபடி நம் மாவட்டங்களில் பரவிய விதத்தை எண்ணிப் பாருங்கள். பதினான்கு நாள் நாற்றைக் குத்துக்கு ஒன்றாக, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் நடவேண்டும் என்றபோது பலர் நகைத்தனர். நட்ட வயல் முதற்சில வாரங்கள் வெறிச்சோடிக் கிடந்தது கண்டு வீட்டார் கடிந்துகொண்டனர். துணிந்த விவசாயி முதலாண்டில் பத்து சென்டில் நட்டுப் பார்த்தார். அடுத்த ஆண்டு ஓர் ஏக்கருக்கு விரித்தார். பின்னர்த் தம் மண்ணுக்கும் நீருக்கும் ஏற்றபடி சில மாற்றங்களைத் தாமே செய்தார். இறுதியில் பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்று கேட்க, இவர் விளக்கலானார். ஆசிரியரின் வளர்ச்சியும் இவ்வாறே நிகழ்கின்றது.

நாம் மேலே குறிப்பிட்ட பள்ளியில் நிகழ்ந்ததைக் கொண்டே இந்நான்கு படிகளையும் விளக்கலாம். அன்றைய ஆய்வின்போது இளைய ஆசிரியை ஒருவர் தயங்கித் தயங்கி முன்வந்து, “ஐயா, பீரோவின் சாவியை என்னிடம் கொடுக்கச் சொல்லுங்கள், நான் முயன்று பார்க்கிறேன்” என்றார். பயன்பாட்டினால் பழுது ஏற்பட்டால் பிடித்தம் இல்லை என்று அங்கேயே எழுதிக் கொடுத்தோம்.

முதற்படியில் அவர் தமக்காகக் கற்றார். மாலையில் பள்ளி விட்ட பின் அரைமணி நேரம் தங்கி, கருவியை இணைக்கவும், படத்தைச் சுவரில் சீராக விழச் செய்யவும், வேண்டிய பாடங்களைத் தேடி எடுக்கவும் பழகினார். அவ்வூரிலிருந்து பாலிடெக்னிக் கல்லூரிக்குச் சென்றுவந்த மாணவர் ஒருவர் உதவினார். ஐம்பது வயதைக் கடந்த தலைமையாசிரியரும் மெல்ல அருகில் வந்து அமர்ந்தார். தமக்குத் தெரியாது என்று மாணவர் முன்னிலையில் ஒப்புக்கொள்ளும் துணிவே இப்படிக்கு வேண்டிய முதல் தகுதி.

இரண்டாம் படியில் அவர் பாடத்தில் பயன்படுத்தினார். அங்கே முதல் முயற்சி தோல்வியுற்றது. பூவின் பாகங்களைக் குறித்த படம் ஒன்றை இருபது நிமிடம் ஓடவிட்டார். பிள்ளைகள் ஆடாது அசையாது பார்த்தனர். மறுநாள் கேட்டபோது, படத்தில் ஒலித்த இசை நினைவிலிருந்தது. மகரந்தப்பை எது, சூலகம் எது என்பது நினைவில் இல்லை. பிள்ளைகள் பார்த்தனரேயன்றிக் கற்கவில்லை என்பதை அவர் கண்டுகொண்டார். அடுத்த முறை நான்கு நிமிடம் மட்டும் காட்டி நிறுத்தினார். வேலியோரத்துச் செம்பருத்திப் பூவை ஆளுக்கொன்றாகப் பறித்துவரச் செய்து, பிரித்துப் பார்க்கச் சொன்னார். பின்னர் எஞ்சிய பகுதியைக் காட்டினார். இம்முறை பிள்ளைகள் தாமே படம் வரைந்து பாகங்களைக் குறித்தனர். கருவிக்கு இடம் கொடுத்ததைப் போலவே, அதை நிறுத்தும் இடத்தையும் அவர் அறிந்துகொண்டார்.

மூன்றாம் படியில் அவர் தாமே பாடத்தைப் படைத்தார். பெருநகரத்தில் எடுத்த படத்தில் அணைக்கட்டு இருந்தது. அவ்வூர் ஏரி இல்லை. ஆகவே தம் கைப்பேசியாலேயே ஏரியின் கரையையும் மதகையும் கலிங்கையும் படமெடுத்தார். ஏரி நீரைப் பங்கிட்டு விடும் பெரியவரை, மதகை எப்போது திறப்பது, கடைமடைக்கு நீர் எவ்வாறு செல்லும் என்று பேசச் செய்து பதிவு செய்தார். கணக்குப் பாடத்தில் ஊர் நிலங்களையே கொண்டு, ஓர் ஏக்கர் என்பது 100 சென்ட், ஒரு ஹெக்டேர் என்பது ஏறத்தாழ 2.47 ஏக்கர் என்று அளந்து காணும் பயிற்சிகளை அமைத்தார். தம் தாத்தாவின் குரலைப் பள்ளிச் சுவரில் கேட்ட பிள்ளைகள் அந்தப் பாடத்தை மறக்கவில்லை.

நான்காம் படியில் அவரைத் தேடி மற்றவர்கள் வந்தனர். குறுவள மையக் கூட்டம் நடைபெறும் சனிக்கிழமைகளில், அருகிலுள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் அவர் எடுத்த பாடங்களைப் பார்த்தனர். அவர் தமது வெற்றிகளை மட்டும் கூறவில்லை. இருபது நிமிடப் படம் தோற்ற கதையையும் கூறினார். பிறருக்குத் துணிவு தந்தது அக்கதையே.

சோலாப்பூர் மாவட்டத்து ஆசிரியர்

ஒரு சிற்றூர் ஆசிரியரின் முயற்சி எவ்வளவு தூரம் பரவக்கூடும் என்பதற்கு மகாராட்டிர மாநிலத்து ஆசிரியர் ரஞ்சித்சிங் டிசலே சான்றாவார். பொறியியலில் நாட்டம் கொண்டிருந்த அவர், பின்னர் ஆசிரியர் பயிற்சி பெற்று, 2009ஆம் ஆண்டில் சோலாப்பூர் மாவட்டம் பரிதேவாடி என்னும் சிற்றூரின் தொடக்கப் பள்ளியில் பணியில் சேர்ந்தார். அது அம்மாநிலத்தின் மாவட்ட ஊராட்சியாகிய ஜில்லா பரிஷத்தின் பள்ளி. அவர் சேர்ந்தபோது அப்பள்ளிக் கட்டடம் சிதைந்து, மாட்டுத் தொழுவத்துக்கும் பண்டக அறைக்கும் இடையே கிடந்தது. பிள்ளைகளின் தாய்மொழி வேறு, பாடநூலின் மொழி வேறாக இருந்தமையால், அவர் பாடங்களைப் பிள்ளைகளின் மொழியில் பெயர்த்தார். அத்துடன் நில்லாமல், பாடநூலின் பக்கங்களில் சதுரக் குறியீடுகளை இணைத்தார்.

அக்குறியீடு இயங்கும் விதம் எளியது. சதுரத்திலுள்ள கறுப்பு, வெள்ளைக் கட்டங்கள் ஓர் இணைய முகவரியைக் குறிக்கும். கைப்பேசியின் படக்கண்ணை அதன் எதிரே பிடித்தால், அம்முகவரியிலுள்ள பாட்டோ கதையோ படமோ பயிற்சியோ திரையில் தோன்றும். தாளில் அச்சிட்ட நூல் இவ்வாறு பேசும் நூலாகின்றது.

2017ஆம் ஆண்டில் மகாராட்டிர அரசு தன் பாடநூல்களில் இம்முறையை மேற்கொண்டது. 2020 டிசம்பர் 3ஆம் நாள் அவருக்கு உலக ஆசிரியர் பரிசாகிய பத்து இலட்சம் டாலர் அறிவிக்கப்பெற்றது. அவர் அத்தொகையில் பாதியை, இறுதிச் சுற்றுக்கு வந்த மற்ற ஒன்பது ஆசிரியர்களுக்கும் பகிர்ந்தளிப்பதாக அறிவித்தார். பரிசைக் காட்டிலும் இப்பகிர்வையே நாம் பெரிதாகக் கருதுகின்றோம். தலைமை என்னும் சொல்லுக்குப் பொருள் இதில் விளங்குகின்றது.

தலைமை என்பது எழுத்தர் வேலையன்று

இவ்விடத்தில் நமது இரண்டாவது குறையையும் கூறியாக வேண்டும். அந்த ஆசிரியை கணினியில் வல்லவர் என்று தெரிந்தவுடன், நமது அலுவலகமே அவரை அடிக்கடி அழைக்கலாயிற்று. ஒருமுறை கணக்கெடுப்பு விவரம். மறுமுறை பயனாளிகள் பட்டியல். ஒரு கட்டத்தில் வாரத்தில் மூன்று நாட்கள் அவர் நமது அலுவலகத்தில் அமர்ந்திருந்தார். வேலை விரைவாக முடிந்தது என்று நாமும் மகிழ்ந்தோம்.

ஒரு நாள் அவ்வூரின் வார்டு உறுப்பினராகிய அம்மையார் ஒருவர் நம்மைக் காண வந்தார். அவர் பேரப்பிள்ளை அப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. “ஐயா, டீச்சரம்மாவுக்கு வேலை தெரியும் என்று நீங்கள் அழைக்கிறீர்கள். வேலை தெரியாமல் இருந்திருந்தால் எங்கள் பிள்ளைகளோடு இருந்திருப்பார் அல்லவா?” என்றார். அதற்கு மறுமொழி நம்மிடம் இல்லை. அன்றே அந்த ஆசிரியையைப் பள்ளிக்கு அனுப்பினோம். அதன்பின் கற்பிக்கும் நேரத்தில் எந்த ஆசிரியரையும் அலுவலகப் பணிக்கு அழைப்பதில்லை என்று முடிவு செய்தோம்.

கருவி அறிந்த ஆசிரியரைப் பட்டியல் தயாரிப்பவராக மாற்றுவது, நல்ல உழவு மாட்டைச் செக்கில் கட்டுவதற்கு ஒப்பாகும். செக்கும் சுற்றும், ஆனால் வயல் தரிசாகக் கிடக்கும்.

ஊராட்சி செய்யத்தக்கவை

1958ஆம் ஆண்டு தொடங்கி, அன்றைய சென்னை மாநிலத்தில், கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடைபெற்றன. ஊர் மக்கள் கட்டடமும் நிலமும் நாற்காலியும் கரும்பலகையும் மனமுவந்து வழங்கினர். அந்த மரபு இன்றைய தேவைக்கேற்பத் தொடர்தல் வேண்டும். இன்று பள்ளிக்கு ஊர் அளிக்கத்தக்கவை வருமாறு:

1. மின்சாரம். திறன் வகுப்பறைக்குரிய மின்கம்பிகள் தனியே அமைந்து, நில இணைப்பாகிய எர்த் சரியாக உள்ளதா என்று ஆண்டுக்கொருமுறை மின்பணியாளரைக் கொண்டு பார்க்கச் செய்க. ஒழுகும் கூரையின் கீழ்க் கணினியை வைத்தல் வீண். இடி மின்னல் காலத்தில் இணைப்பைக் கழற்றி வைக்கும் பழக்கத்தைப் பள்ளியில் ஏற்படுத்துக.

2. இணைய இணைப்பு. பாரத்நெட் திட்டத்தின்கீழ் ஊராட்சி அலுவலகம் வரை கண்ணாடி இழைக்கம்பி வந்துள்ள ஊர்களில், அங்கிருந்து பள்ளிக்கு இணைப்பு நீட்டுவதற்குரிய வழியைக் கேட்டறிக. இணைப்பு வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. 2017ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தீக்ஷா தளத்தின் பாடங்களை, இணைப்புள்ள இடத்தில் கைப்பேசியிலோ கைக்கணினியிலோ இறக்கி வைத்துக்கொண்டு, இணைப்பில்லாத வகுப்பறையிலும் காட்டலாம்.

3. காலம். ஆசிரியர் பழகுவதற்கு நேரம் வேண்டும். வட்டார வள மையத்திலும், மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்திலும் நடைபெறும் பயிற்சிக்கு அவர் செல்லும் நாளில், “இன்றும் டீச்சர் வரவில்லை” என்று குறைகூறாமல், அவர் என்ன கற்று வந்தார் என்று மறுநாள் கேளுங்கள். ஊர் விழாக்களுக்கும் பிற பணிகளுக்கும் அவரைக் கற்பிக்கும் நேரத்தில் அழைக்காதீர்கள்.

4. அச்சம் நீக்குதல். பயன்படுத்தும் பொருள் பழுதாகும். ஏர்க்கொழு தேய்வது உழவனின் குற்றமன்று. பயன்பாட்டினால் வந்த பழுதையும், கவனக்குறைவினால் வந்த சேதத்தையும் வேறுபடுத்திப் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்க. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோரும் பாதுகாவலருமே, பாதிப்பேர் பெண்கள். ஆதலின் அச்சம் நீக்கும் ஆற்றல் உங்கள் கையிலேயே உள்ளது.

5. பழுது பார்த்தல். புதுக் கருவி வாங்க முன்வரும் நன்கொடையாளர் பலர். பழைய கருவியின் பழுது நீக்க முன்வருவோர் சிலரே. ஆண்டுதோறும் சிறு தொகையை இதற்கென ஒதுக்கி வைப்பது, புதிதாக ஒன்று வாங்குவதைவிடப் பயன் தரும். உள்ளூரில் மின்னணுவியல் படித்த இளைஞரின் உதவியையும் நாடலாம்.

6. ஊரின் அறிவு. விதை நேர்த்தி, நீர்ப் பங்கீடு, கால்நடை வளர்ப்பு, தறி, மண்பாண்டம் ஆகியவற்றில் கைதேர்ந்தவர் ஊரில் உள்ளனர். ஆசிரியர் கேட்கும்போது ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பேசுங்கள். உங்கள் பேச்சு பாடமாகும்.

கேட்க வேண்டிய வினாக்கள்

ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கூடும் கிராம சபையில் பள்ளியைப் பற்றிப் பேசும்போது, “கணினி இருக்கிறதா?” என்று கேட்பது போதாது. இருக்கிறது என்ற விடை பீரோவைக் கண்டே மன நிறைவு கொள்வதாகும். இந்த வாரம் எந்தப் பாடத்துக்குக் கருவி பயன்பட்டது? அப்போது பிள்ளைகள் என்ன செய்தனர், பார்த்தனரா அன்றித் தாமே எழுதியும் வரைந்தும் பேசியும் கற்றனரா? பள்ளியிலுள்ள ஆசிரியர்களுள் எத்தனை பேருக்கு அதை இயக்கத் தெரியும்? இம்மூன்று வினாக்களையும் குறைகாணும் நோக்கமின்றிக் கேட்டு வந்தால், ஆறு மாதத்தில் மாறுதல் காணலாம்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். கல்விக்காக என்று கைப்பேசியைப் பிள்ளையின் கையில் நெடுநேரம் விட்டுவிடுதல் கல்வியாகாது. பள்ளியில் கருவியை நிறுத்தும் நேரத்தை ஆசிரியர் அறிந்திருப்பதைப் போல, வீட்டில் அதனைப் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டும்.

முடிவுரை

2023ஆம் ஆண்டில் அந்த ஆசிரியைக்கு மாறுதல் வந்தது. தம் சொந்த ஊருக்கு அருகிலுள்ள பள்ளிக்குச் சென்றார். ஊரார் வருந்தினர், நாமும் ஐயுற்றோம். ஒருவர் தோளில் நின்ற வேலை அவரோடு போய்விடும் என்பதே நமது நெடுநாளைய அனுபவம்.

மறு ஆண்டு அவ்வழியே செல்ல நேர்ந்தபோது, முன்னறிவிப்பின்றி அப்பள்ளிக்குள் நுழைந்தோம். பீரோ திறந்திருந்தது, அதனுள் பழைய பதிவேடுகள் மட்டும் இருந்தன. உள்ளே வேறோர் ஆசிரியர், நீரின் சுழற்சி குறித்த படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, “நம் ஏரியில் இப்போது நீர் ஏன் குறைந்துள்ளது?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். பல கைகள் உயர்ந்திருந்தன. அந்த ஆசிரியை எடுத்த ஏரிப் படத்தை இவர் சிறிது மாற்றி, அவ்வாண்டு தூர் வாரிய காட்சியையும் சேர்த்திருந்தார்.

தாம் இருக்கும்போது நடக்கும் வேலை ஒருவரது திறமையைக் காட்டும். தாம் அகன்ற பின்னும் நடக்கும் வேலையே அவரது தலைமையைக் காட்டும். அத்தகைய ஆசிரியர்கள் நம் ஒன்றியப் பள்ளிகளில் இன்றும் உள்ளனர். அவர்கள் நம்மிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. சாவியைக் கேட்கின்றனர், சிறிது நேரம் கேட்கின்றனர், பழுதானால் பழி சுமத்தாத மனம் கேட்கின்றனர். இம்மூன்றையும் அளித்தல் ஊராட்சியின் கடமை. நமது அலுவலகங்களின் கடமையும் ஆகும்.